ஞாயிற்றுக்கிழமை மழை

ஜூலை 8, திங்கள்

தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பினார். மேலிருந்து ஓர் உத்தரவு வந்திருக்கிறது. எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்குப் பள்ளி விட்ட பிறகு அறிவியல் மன்றம். திங்கள், புதன், வெள்ளி. நாலு இருபது முதல் ஐந்தரை வரை. பெண்பிள்ளைகளுக்கு அறிவியலில் ஆர்வம் வர வேண்டுமாம். நடத்தப் போவது புதிதாக வந்திருக்கும் நிவேதிதா டீச்சர். ஆய்வகச் சாவி என்னிடம் இருப்பதால் நானும் இருக்க வேண்டும். நாலே முக்கால் பஸ்ஸை விட்டால் அடுத்தது ஆறு பத்துக்கு. ஆர்வம் அவர்களுக்கு, பஸ் ஸ்டாண்டில் நிற்பது எனக்கு.

இந்த ஆய்வகத்தில் நான் உதவியாளராகப் பதினாறு வருடம். என் காலத்தில் ஒரு சோதனைக்குழாய்கூட உடைந்ததில்லை. எடுத்தால்தானே உடையும்.

ஓய்வு பெற இன்னும் எண்பத்து நான்கு நாள்.

ஜூலை 10, புதன்

ஏழு பேர் வந்தார்கள். சுண்டல் கொடுத்தோம். சோதனைக்குழாய் ஒன்று உடைந்தது. உடைபாட்டுப் பதிவேட்டை எடுத்தேன். முதல் பக்கமே காலியாக இருந்தது. தேதி போட்டு எழுதினேன்.

என்னை "லேப் அக்கா" என்று கூப்பிடுகிறார்கள். வருகிற செப்டம்பரில் அறுபது முடிகிறது. திருத்தவில்லை.

ரிஸ்வானா என்று ஒருத்தி, எட்டாம் வகுப்பு. வாய் மூடுவதில்லை. கௌசிகா என்று ஒருத்தி, ஒன்பதாம் வகுப்பு. வாய் திறப்பதில்லை. எனக்கு முதலாமவள் தொந்தரவாக இருந்தாள். இரண்டாமவளைப் பார்த்தால் ஏனோ கொஞ்சம் பயமாக இருந்தது.

ஜூலை 14, ஞாயிறு

மழை. மாடியில் காயப்போட்ட மிளகாய் அத்தனையும் நனைந்துவிட்டது.

ஜூலை 15, திங்கள்

ஆகஸ்ட் 30-ல் மாவட்ட அறிவியல் கண்காட்சி. நிவேதிதா டீச்சர் பெண்களிடம், "புத்தகத்துல இருக்கறத வேண்டாம். நம்ம ஊர்ல இருக்கற எதையாவது ஆராய்ச்சி பண்ணுவோம்" என்றார். கௌசிகா ஸ்டூல் போட்டு ஏறி, பீரோவின் மேலிருந்து நீல அட்டை நோட்டுகளை இறக்கினாள். மழைப் பதிவேடு. பதினோரு நோட்டு, வருடத்துக்கு ஒன்று.

பள்ளிக்கு ஒரு மழைமானி உண்டு. தினமும் காலை எட்டரைக்கு அதில் சேர்ந்த தண்ணீரை அளவுக் குடுவையில் ஊற்றிப் பார்த்து எத்தனை மில்லிமீட்டர் என்று எழுத வேண்டும். மாதக் கடைசியில் நகல் மாவட்ட அலுவலகத்துக்குப் போகும். அது என் வேலை. ஒரு நாள் விடாமல் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு பக்கத்திலும் தலைமையாசிரியையின் பச்சைக் கையெழுத்து இருக்கிறது.

"எவ்ளோ அழகா எழுதியிருக்கீங்க!" என்றார் டீச்சர்.

என் கையெழுத்து எப்போதுமே நன்றாக இருக்கும்.

எரிமலை செய்யலாமே, பார்க்க நன்றாக இருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். சோடா மாவும் வினிகரும் போதும், நானே வாங்கித் தருகிறேன் என்றும் சொன்னேன்.

"நம்ம ஊர்ல எரிமலை இல்லீங்களே அக்கா" என்றாள் ரிஸ்வானா.

ஜூலை 17, புதன்

மழைமானியைப் பார்க்க வேண்டும் என்றார்கள். சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் இருக்கிறது. போனோம். மேலே இருக்க வேண்டிய புனலைக் காணோம். உள்ளே எறும்புப் புற்று.

புனல் சத்துணவுக் கூடத்தில் இருக்கிறது. சமையல்காரம்மா ராஜாமணி எண்ணெய் ஊற்ற வாங்கிப் போனது. "போன மாசம்தான் வாங்கிட்டுப் போனாங்க" என்று பெண்களிடம் சொன்னேன். கேட்கப் போன இடத்தில் ராஜாமணி, "இதுங்களா? எம்பொண்ணு கல்யாணத்துக்கு முந்தி வாங்கினதாச்சே" என்று புனலைத் துடைத்துக் கொடுத்தாள். அவளுடைய பேரன் இரண்டாம் வகுப்பு படிக்கிறான்.

கௌசிகா அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

புனலை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினேன். எண்ணெய் வாசம் போகவில்லை.

ஜூலை 24, புதன்

பெரிய வரைபடத்தாளைத் தரையில் விரித்து, பதினோரு வருட மழையையும் கிழமைவாரியாகப் பிரித்துப் புள்ளி வைத்தார்கள். நான் ஏற்கெனவே சுத்தமாக இருந்த சோதனைக்குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

ஐந்து மணிக்கு ரிஸ்வானா கத்தினாள். "டீச்சர்! ஞாயித்துக்கெழம ஒரு புள்ளிகூட இல்லீங்க டீச்சர்! பதினோரு வருசமா நம்ம ஊர்ல ஞாயித்துக்கெழம மழையே பெய்யல!"

டீச்சர் தாளருகே மண்டியிட்டு ஒவ்வொரு வருடமாகப் பார்த்தார். கண்ணெல்லாம் விரிந்துபோயிற்று. புதிதாக வேலைக்கு வந்தவர், எழுதியிருப்பதை நம்புகிறவர். "ஏன் அப்படி? யோசிங்க பார்ப்போம்" என்றார். ஒருத்தி, ஜவ்வரிசி தயாரிக்கிற சேகோ மில்லுக்கு ஞாயிறு லீவு, புகை கிடையாது என்றாள். இன்னொருத்தி, புகை இல்லையென்றால் மேகம் எப்படி வரும் என்றாள். ஏழு பேரும் குதித்தார்கள். ஆறு பேர் என்று எழுத வேண்டும். கௌசிகா குதிக்கவில்லை.

நான் அதே சோதனைக்குழாயை மறுபடி கழுவினேன். பஸ்ஸும் லேட்.

ஜூலை 28, ஞாயிறு

சாயங்காலம் நல்ல மழை. குடைக் கம்பி ஒன்று போயிற்று.

ஜூலை 29, திங்கள்

தலைப்பு முடிவாகிவிட்டது: "எங்கள் ஊரில் ஞாயிறு மழை பெய்யாதது ஏன்?" தலைமையாசிரியைக்கு ஒரே சந்தோஷம். "இந்த மாதிரி ஆராய்ச்சி நம்ம பள்ளிக்கூடத்துல இதுவரைக்கும் வந்ததில்ல" என்றார். அது உண்மை.

நேற்று பெய்த மழையைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. ரிஸ்வானாவுக்கு மட்டும் நினைவு வந்தது. "நேத்து பேஞ்சது விதிவிலக்கு" என்று தானே சொல்லிக்கொண்டாள். போன வாரம்தான் அந்த வார்த்தையை டீச்சர் கற்றுக்கொடுத்திருந்தார்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

எல்லோரும் சுண்டலுக்குப் போன பிறகு கௌசிகா மட்டும் நின்றாள்.

"அக்கா, ஒரு சந்தேகம்."

"டீச்சர்கிட்ட கேளு."

"இது உங்ககிட்டதாங்க கேக்கணும். ஞாயித்துக்கெழம ஸ்கூல் பூட்டியிருக்கும். யாரும் அளக்கல, சரி. ஆனா அன்னிக்குப் பேஞ்ச தண்ணி அதுக்குள்ளதான கெடக்கும்? திங்கக்கெழம காலைல அளக்கறப்ப அதுவும் சேந்து வரணும்ல? அப்ப திங்கக்கெழம கணக்கு மத்த நாளவிட ஜாஸ்தியா இருக்கணுமே. இல்லீங்களே அக்கா."

பதினாறு வருடத்தில் என்னை யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. நல்ல கேள்வி.

"ஆவியாயிருக்கும்" என்றேன்.

"ஓ" என்றாள்.

ஆகஸ்ட் 5, திங்கள்

நான் வரும்போது கௌசிகா சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் இருந்தாள். மழைமானியைச் சுத்தம் செய்து, புனலை மாட்டி, சனிக்கிழமை காலை வாட்ச்மேனிடம் சொல்லி உள்ளே வந்து, சரியாக நூறு மில்லி தண்ணீர் ஊற்றிவிட்டுப் போயிருக்கிறாள். இரண்டு நாளும் மழை இல்லை. இன்று அளந்தாள். தொண்ணூற்றொன்பது.

"ஒரு மில்லிதாங்க ஆவியாகியிருக்கு" என்று குடுவையை என்னிடம் கொடுத்துவிட்டு, பிரேயருக்கு மணி அடித்ததும் போய்விட்டாள். வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் திட்டியிருப்பேன், மனசுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

இதை யாரும் படிக்கப் போவதில்லை, ஆகவே எழுதுகிறேன்.

முதல் இரண்டு வருடம் உண்மையான மழை. ஞாயிறும் தீபாவளியும்கூட முதல் பஸ் பிடித்து வந்து அளந்தேன். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலில் பள்ளியிலேயே நான்தான் முதல். அதை இங்கே ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. அந்த இரண்டு வருடத்தில் ஞாயிற்றுக்கிழமை அளவையும் திங்களோடு சேர்த்து எழுதினால் போதும், அதுதான் வழக்கம் என்று அன்றைய தலைமையாசிரியை சொன்னார். அதனால் ஞாயிறு கட்டத்தில் முதலிலிருந்தே சுழி.

மூன்றாம் வருடம் அக்டோபரில் ஒரு வாரம் காய்ச்சல். வரவில்லை. முந்தின வருட அக்டோபரை அப்படியே பார்த்து எழுதி அனுப்பினேன். யாரும் கேட்கவில்லை. அடுத்த மாதம், பதிவேட்டில் சரியாக எழுதிவிட்டு, அனுப்பும் தாளில் மட்டும் ஒரே நாளில் தொள்ளாயிரம் மில்லிமீட்டர் என்று போட்டேன். தொள்ளாயிரம் பெய்தால் ஊரே இருக்காது. போன் வரும் என்று ஒரு வாரம் காத்திருந்தேன். வரவில்லை. அன்று பஸ்ஸில் அழுதேன். இரண்டு வருடம் நான் அளந்த ஒரு சொட்டையும் யாரும் பார்க்கவில்லை.

அதன் பிறகு ஒன்பது வருடம் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து எழுதிய மழை. வெயில் மாதத்தில் கொஞ்சம், ஐப்பசியில் நிறைய. ஞாயிறு மட்டும் சுழி. பள்ளிக்கு வராத நாளில் மழை எழுதினால் அது பொய்யாகிவிடும் என்று நினைத்தேன். என் யோக்கியதை அந்த அளவில் இருந்தது.

இப்போது ஏழு பெண்கள் அந்தப் பதினோரு நோட்டையும் வரிவரியாகப் படித்திருக்கிறார்கள். இத்தனை வருடத்தில் முதல் ஆட்கள்.

முப்பதாம் தேதி அவர்கள் மேடை ஏறினால், விஷயம் தெரிந்தவர் ஒருவர் கேட்கும் முதல் கேள்வியிலேயே ஊரே சிரிப்பாய்ச் சிரிக்கும். சொன்னால் என் ஓய்வூதிய ஃபைல் எங்கே போய் நிற்குமோ. இன்னும் ஐம்பத்தைந்து நாள். சும்மா இருக்கலாம்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

சும்மா இருந்தேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

சார்ட் தயாராகிச் சுவரில் ஏறிவிட்டது. ஐந்தரைக்குக் கௌசிகாவின் அம்மா பூங்கொடி மகளைக் கூட்டிப்போக வந்தாள். சேகோ மில்லில் காயப்போடும் களத்தில் வேலை. முழங்கைவரை வெள்ளை மாவு. வாசலில் செருப்பை விட்டுவிட்டு, உள்ளே வரலாமா என்று கேட்டு, சார்ட்டை எழுத்துக்கூட்டிப் படித்தாள். படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள்.

"ஞாயித்துக்கெழம மழ பெய்யாதுங்களா? யாருங்க சொன்னது?"

"மில் லீவுன்றதால புகை இல்லாம..." என்று டீச்சர் ஆரம்பித்தார்.

"மில்லுக்குத்தானுங்க லீவு. களத்துக்கு ஏது லீவு? காயப்போட்ட மாவு ஞாயித்துக்கெழமன்னு தெரிஞ்சா காயுது? எத்தன ஞாயிறு தார்ப்பாய இழுத்துக்கிட்டு ஓடியிருக்கோம். முதுகெல்லாம் நனஞ்சிருக்குதுங்க. மழ பேஞ்ச நாளெல்லாம் காலண்டர்ல கோடு போட்டு வெச்சிருக்கேன், வேல இல்லாத நாள் தெரியணுமில்ல."

டீச்சர் தயங்கி, "இது ஸ்கூல் பதிவேடும்மா. தினமும் அளந்து எழுதினது" என்றார்.

பூங்கொடி என்னைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்படிங்களா. அப்ப சரியாத்தான் இருக்கும். நாந்தான் கிழமைய மாத்தி நெனச்சிருப்பேன். படிச்சவங்க எழுதினது தப்பாகுங்களா?"

மகள் பையை எடுத்துக்கொண்டாள். இருவரும் போனார்கள்.

என் பொய்க்கு முன்னால் ஒருத்தி தன் நனைந்த முதுகையே சந்தேகப்பட்டுவிட்டாள். என்மேல் எனக்கு இவ்வளவு வெறுப்பு வந்ததில்லை. சாப்பிடவில்லை. தோசை மாவு புளித்துவிட்டது.

ஆகஸ்ட் 14, புதன்

சொல்லிவிட்டேன்.

ஏழு பேரும் டீச்சரும் இருந்தார்கள். நின்றுகொண்டே சொன்னேன். கடைசி ஒன்பது நோட்டும் நான் கற்பனையில் எழுதியது, மழைமானியை நான் பார்த்தே வருடக்கணக்காகிறது என்று. ரொம்ப நேரம் ஆகும் என்று நினைத்தேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

டீச்சர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். ரிஸ்வானா அழ ஆரம்பித்தாள். "எங்க அத்தா கடைக்கு வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டாருக்கா! இப்ப நான் என்னன்னு சொல்றது? நீங்க பெரியவங்கதான? இப்படியா பண்ணுவீங்க?"

அவள் கேட்டது நியாயம்.

கௌசிகாவிடம் கேட்டேன். "உனக்கு முன்னாடியே தெரியும்ல?"

"தெரியுங்க."

"எப்பத்துலருந்து?"

"புனல்லருந்துங்க."

"ஏன் சொல்லல?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன்" என்றாள். பிறகு, "வெள்ளிக்கெழம வரைக்கும் பாக்கலாம்னு இருந்தேன்" என்றாள்.

இரண்டு நாள் முந்திக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

தலைமையாசிரியையிடம் கடிதம் கொடுத்தேன். படித்தார், கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி போட்டுப் படித்தார். "இன்னும் ஒன்றரை மாசம்தானே மரகதம். இப்ப எதுக்கு? நோட்டெல்லாம் கரையான் அரிச்சிடுச்சின்னு எழுதிடலாம்."

"புள்ளைங்க பாத்துட்டாங்க மேடம்."

"நான் வந்ததுலருந்து நானும்தானே எல்லாப் பக்கத்துலயும் கையெழுத்துப் போட்டிருக்கேன்?"

"ஆமாங்க மேடம். பச்சை இங்க்குல."

அவருக்கு என்மேல் கோபம். ஆனாலும் கடிதத்தை மேலே அனுப்பக் கையெழுத்துப் போட்டார். இந்த முறை ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டுத்தான் போட்டார்.

சாயங்காலம் களத்துக்குப் போனேன். பூங்கொடி தார்ப்பாய் மடித்துக்கொண்டிருந்தாள். "உங்க முதுகு நனஞ்சது நிஜம்தான். நான் எழுதினதுதான் தப்பு. மன்னிச்சுக்கோங்க" என்றேன். அவள் தார்ப்பாயை மடித்து முடித்தாள். "அந்தக் காலண்டருங்கள வேணும்னா குடுத்து அனுப்பறேன்" என்றாள்.

ஆகஸ்ட் 19, திங்கள்

நாலு வருடத்துக் காலண்டர் வந்தது. மழைக்குக் கோடு. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அறுபத்து மூன்று கோடு. அதற்கு முந்தின வருடங்களுக்கு என்ன செய்வது என்று பெண்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள்.

நான் வீட்டிலிருந்து ஒரு கட்டைப்பை கொண்டுபோயிருந்தேன். உள்ளே என் டைரிகள். மிளகாய் நனைந்தது, குடை போனது, பஸ் ஒழுகியது என்று மழை பெய்த நாளெல்லாம் எதையாவது புலம்பி வைத்திருக்கிறேன். பதிவேட்டில் எழுதாத மழை முழுவதும் இதில் இருக்கிறது.

மழையைத் தவிர வேறு எதையும் படிக்கக் கூடாது என்று சொன்னேன். படித்தார்கள். ஏழு பேருக்கும் இப்போது என்னைப் பற்றி என் தங்கையைவிட அதிகம் தெரியும். ரிஸ்வானா ஐந்து நாளாக என்னோடு பேசாமல் இருந்தவள், "நான் வாய மூடறதில்லைன்னு எழுதியிருக்கீங்க" என்று சண்டைக்கு வந்தாள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

மில்லிமீட்டர் இல்லாததால் ஓர் அளவுகோல் செய்தார்கள். துணி நனைந்தது என்றால் லேசான மழை. பஸ் ஒழுகினால் மிதமான மழை. குடை உடைந்தால் கனமழை. டீச்சர் சிரித்தார். அன்றைக்குப் பிறகு அவர் சிரித்தது இன்றுதான்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

கண்காட்சி. புதிய தலைப்பு: "ஒரு பதிவேடு உண்மையா என்று கண்டுபிடிப்பது எப்படி?" ஒரு பக்கம் என் நோட்டு, மறுபக்கம் பூங்கொடியின் காலண்டர், நடுவில் ஆவியாகாத தொண்ணூற்றொன்பது மில்லி.

நடுவர் ஒருவர் மற்ற மேசைகளில் இரண்டு நிமிடம் நின்றார். எங்கள் மேசையில் இருபது நிமிடம். கௌசிகா வாய் திறந்தாள். திங்கட்கிழமைக் கணக்கை அவள் விளக்கியபோது சுற்றி நின்றவர்கள் அத்தனை பேரும் தலையாட்டினார்கள். என்னை அறியாமல் நானும் ஆட்டினேன்.

"இந்தப் பொய்க் கணக்க எழுதினது யாரும்மா?" என்று நடுவர் கேட்டார்.

கௌசிகா வாய் திறக்கவில்லை. டீச்சர் தரையைப் பார்த்தார். ரிஸ்வானா வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். அது அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

"நான்தாங்க" என்றேன்.

முதல் பரிசு பக்கத்துப் பள்ளியின் எரிமலைக்கு. எங்களுக்கு ஒன்றுமில்லை. திரும்பும் வேன் முழுவதும் ரிஸ்வானா எரிமலையைத் திட்டிக்கொண்டு வந்தாள்.

செப்டம்பர் 11, புதன்

மாவட்ட அலுவலகத்திலிருந்து எனக்கு மெமோ. மழைப் பதிவில் நேர்ந்த தவறுகளுக்கு ஏழு நாட்களுக்குள் விளக்கம் தர வேண்டும். பதினோரு வருடத்தில் அங்கிருந்து வந்த முதல் பதில். இரண்டு முறை படித்தேன். உறையையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 30, திங்கள்

ஓய்வு. பொன்னாடை, மாலை, கேசரி. ஓய்வூதிய ஃபைல் "பரிசீலனையில்" இருக்கிறதாம். உடைபாட்டுப் பதிவேட்டையும் சாவியையும் ஒப்படைத்தேன். உடைந்தது மொத்தம் பதினெட்டு. எல்லாம் இந்த மூன்று மாதத்தில்.

மழைமானி இனி மன்றத்தின் பொறுப்பு. ஒரு வாரம் ஒருத்தி. விடுமுறையிலும் வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிடுவார். ஞாயிறு மட்டும் யாரையும் வீட்டில் விடமாட்டார்கள். களத்து வேலை, துணி துவைக்கிற வேலை. அட்டவணையில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது. கௌசிகா பேனாவை என் பக்கம் நீட்டினாள். என் பெயரை எழுதினேன். என் கையெழுத்து எப்போதுமே நன்றாக இருக்கும். இன்று கொஞ்சம் கோணிவிட்டது.

அக்டோபர் 6, ஞாயிறு

ஏழு நாற்பது பஸ். எட்டரைக்குப் புனலைக் கழற்றி, குடுவையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன்.

மழை இல்லை. சுழி.

போய்ப் பார்த்துத்தான் எழுதினேன்.